ஆலங்கட்டி மழையில ஓட்டு வீடு அடிவாங்கிடுச்சு, எதுலேருந்து ஆரம்பிக்கறது?

வெண்ணாத்தங்கரை கேட்டது:

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு சத்தம் போடாம போறவ நான். இன்னிக்கு எழுத வேண்டியதாப் போச்சு.

எங்க ஊர் நீடாமங்கலத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவுல. வீட்டுக்காரர் ஷார்ஜாவுல இருக்கார். இங்க நான், அத்தை, ஏழாவது படிக்கிற பையன். வீடு மாமனாரோட அப்பா கட்டினது. திண்ணை, ரேழி, கூடம், முத்தத்தைச் சுத்தி தாழ்வாரம் எல்லாம் சீமை ஓடு, அதான் தட்டையான மங்களூர் ஓடு. அடுப்படி மட்டும் இன்னும் நாட்டு ஓடு, அந்த வளைஞ்ச சின்ன ஓடு. கொல்லையில மாட்டுக்கொட்டகைக்கு சிமெண்ட் சீட்டு. பக்கத்துல 2009ல லோன் போட்டுக் கட்டின ரெண்டு ரூம், அது கான்கிரீட். அதுக்கு மேல சோலார் வெந்நீர் டேங்க்.

போன செவ்வாய்க்கிழமை நாலரை மணி இருக்கும். காலையிலேருந்து புழுக்கம் தாங்கலை. மேற்கால ஒரு கருப்பு ஏறுச்சு, காத்து சுழட்டி அடிச்சுது, அப்புறம் யாரோ மரக்காலால ஜல்லியை அள்ளி ஓட்டு மேல கொட்டுன மாதிரி ஒரு சத்தம். அத்தை முத்தத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க. "கல்லு மழைடி, நான் சின்னப் பிள்ளையில பாத்தது"ங்கறாங்க. நாவப்பழம் சைசுலேருந்து நெல்லிக்கா சைசு வரைக்கும். பையன் பால் குண்டானைத் தலையில கவுத்துக்கிட்டு ஓடிப்போய் நாலு பொறுக்கிட்டு வந்து ஃப்ரீசர்ல வெச்சிருக்கான். மொத்தமே பத்து நிமிஷம்தான். அதுக்கப்புறம் முக்கால் மணி நேரம் சாதா மழை. அப்பதான் தெரிஞ்சுது. கூடத்துல ஆறு இடத்துல ஒழுக்கு, அடுப்படியில எண்ணவே முடியலை. குண்டான், தவலை, பெயிண்ட் டப்பா எல்லாத்தையும் பரப்பி வெச்சிட்டு ராத்திரி முழுக்க முழிச்சிருந்தோம்.

விடிஞ்சு தெருவுல நின்னு பாத்தா முன்பக்க ஓட்டுல முப்பதுக்குக் குறையாம உடைஞ்சு கிடக்கு. கூடத்துக் கண்ணாடி ஓடு நட்சத்திரமா வெடிச்சிருக்கு. கொட்டகையில ரெண்டு சீட்டுல முஷ்டி அளவு ஓட்டை. மத்தது நல்லாதான் தெரியுது. மோட்டார் ரூம் தகரம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருக்கு. சோலார்ல மூணு கண்ணாடிக் குழாய் காலி.

வீட்டுக்காரர் போன்ல "எல்லாத்தையும் பிரிச்சிட்டு கலர் தகரம் போட்டுடு, நிம்மதி"ங்கறார். புதன்கிழமை காலையிலேயே ஒரு மினி வேன்ல ரெண்டு பேர் வந்து இறங்கினாங்க. "இன்னிக்கு 25,000 அட்வான்ஸ் குடுத்தா பழைய விலை, நாளைக்குச் சீட்டு விலை ஏறிடும்"னு நிக்கறாங்க. அத்தை "ஒரு ஓட்டை எடுத்தாலும் நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்"ங்கறாங்க. எதிர்வீட்டுல வி.ஏ.ஓ.கிட்ட எழுதிக் குடுங்கறாங்க. இன்னும் ரெண்டு மூணு நாள் மழை இருக்குன்னு வேற சொல்றாங்க.

நான் எதை முதல்ல பாக்கறது?


ஓடுமாத்தி எழுதியது:

தங்கச்சி, நான் ஒரத்தநாடு பக்கம். எங்க அப்பா கூட பதினாலு வயசுல முகட்டுல ஏறுனவன். இப்ப முழங்கால் போயிடுச்சு, ஆளை வெச்சு வேலை பாக்கறேன். அதனால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கங்க.

முதல்ல யாரும் மேல ஏற வேணாம். பையனைக் குறிப்பா சொல்றேன். குண்டானைக் கவுத்துக்கிட்டு ஓடுற பிள்ளை ஏணியையும் பாப்பான். நனைஞ்ச ஓட்டுல பாசி வழவழன்னு இருக்கும். சிமெண்ட் சீட்டு அதைவிட மோசம். மேல பாத்தா சாலிடா தெரியும், காலை வெச்சா அப்பளம். கஜா புயல் அடிச்சு மூணாவது நாள் என் மச்சான் அவன் கொட்டகை சீட்டை ஒதுக்கறேன்னு ஏறி, நேரா மாட்டுத் தொட்டியில இறங்கினான். இடுப்பு எலும்பு. ஆறு மாசம் படுக்கை. அவனும் கொத்தன்தான், தெரியாதவன் இல்லை. சீட்டு மேல போயே ஆகணும்னா கீழ இருக்கற சட்டத்துக்கு நேரா ரெண்டு பலகையைக் குறுக்கப் போட்டு, பலகை மேலதான் நடக்கணும்.

ஈ.பி. சர்வீஸ் ஒயர் எங்கயாச்சும் தகரத்துல, குழாயில உரசுதான்னு கீழ நின்னே பாருங்க. ஓட்டுக்கு அடியில ஒயர் போற பழைய பைப்புல தண்ணி இறங்கியிருந்தா அந்தப் பக்கத்து சுவிட்சைத் தொடாதீங்க, மெயினை இறக்கிடுங்க. ஒயர் தொங்குச்சுன்னா மின்வாரியத்தோட மின்னகம் 94987 94987.

இப்ப சேதத்தை எப்படிக் கணக்கெடுக்கறதுன்னு சொல்றேன். தெருவுல நின்னு எண்ணுன முப்பது கணக்கே இல்லை. ஓட்டு வீட்டோட சேதம் உள்ளேருந்துதான் தெரியும். நாளைக்கு வெயில் அடிச்சா, பகல் பன்னெண்டேகால் மணிக்கு கூடத்துக் கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்துங்க. லைட்டை அணைங்க. முத்தத்துப் பக்கம் ஒரு போர்வையைக் கட்டுங்க. அஞ்சு நிமிஷம் கண்ணு பழகட்டும். அப்புறம் மேல பாக்காதீங்க, தரையைப் பாருங்க. தரையில காசு காசா வெளிச்சம் விழுந்து கிடக்கும். சித்திரையில நம்ம பக்கம் உச்சி வெயில் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல நிக்குது. அதனால காசு விழுற இடத்துக்கு நேர் மேலதான் ஓட்டை இருக்கும். ஒவ்வொரு காசையும் சாக்பீஸால சுத்தி வட்டம் போடுங்க. அரைமணி தாண்டினா வெளிச்சம் நகந்துடும், அதுக்குள்ள முடிச்சிடணும். கோடு மாதிரி மெலிசா வர்ற வெளிச்சத்தை விடுங்க, அது ரெண்டு ஓடு சேர்ற இடம், எல்லா ஓட்டு வீட்டுலயும் இருக்கும். அடுப்படி நாட்டு ஓட்டுக்கு இந்த வித்தை சரியா வராது. அங்க கல்லு விழுந்த அதிர்ச்சியில ஓடு நழுவித்தான் இருக்கும், உடைஞ்சது கம்மியா இருக்கும். மொத்தமா இறக்கி அடுக்கி ஏத்தினாலே பாதி சரியாயிடும். எப்ப கடைசியா ஓடு மாத்தினீங்க? முன்னெல்லாம் வருஷா வருஷம் கோடையில மாத்துவாங்க. இப்ப யாரு மாத்தறா?

தெரியாம இருக்கறது மயிர்க்கோடு விட்ட ஓடு. அதுல வெளிச்சம் வராது. ஆனா ஐப்பசி அடைமழைக்குத் தண்ணி குடிச்சு, ஓடு உக்காந்திருக்கற மரப்பட்டை இருக்கே, ரீப்பர், அதை ஊற வெச்சு, ரெண்டு வருஷத்துல ரீப்பர் இத்துப்போய் ஓடு இறங்கும். அதுக்கு ஆள் ஏறும்போது ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால தட்டிப் பாக்கச் சொல்லுங்க. நல்ல ஓடு பானையைத் தட்டுன மாதிரி "டங்"குன்னு பேசும். கீறல் விட்டது "தொப்"புங்கும். கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலைன்னாலும் தொப்புன்னா எடுத்துடணும். இதைச் செய்ய நேரம் பிடிக்கும், அதனால காண்டிராக்ட் பேசுறவன் செய்ய மாட்டான். நாள் கூலிக்கு ஆள் வைங்க.

மழைக்குத் தற்காலிகமா தார்ப்பாய். உங்க பக்கம் நெல்லு மூடற தார்ப்பாய் இல்லாத வீடு ஏது, அதையே எடுங்க. உடைஞ்ச இடத்துல மட்டும் ஒட்டுப் போட்ட மாதிரி விரிச்சா தண்ணி மேல் விளிம்புல புகுந்து அடியில ஓடும். முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நாலடி இறங்கணும், இந்தப் பக்கம் எறவாணம், அதாவது கூரையோட கீழ் விளிம்பு வரைக்கும் வரணும். ஓரத்துக் கண்ணுல கயிறு கோத்து, உள்பக்கம் சட்டத்துல இழுத்துக் கட்டணும். கல்லைத் தூக்கி மேல வெக்காதீங்க, காத்துல உருண்டு நல்ல ஓட்டையும் உடைக்கும். பாதி மணல் போட்ட சாக்கு போதும். இதுக்கும் பழகுன ஆள்தான் ஏறணும்.

ஓடு வாங்கும்போது ஒரு விஷயம். உடைஞ்ச ஓட்டோட அடிப்பக்கத்தைப் பாருங்க, கம்பெனி முத்திரை இருக்கும். மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க 1865ல முதல் ஓட்டு ஆலையை ஆரம்பிச்சதுலேருந்து எத்தனையோ கம்பெனி வந்து போயிருக்கு. பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா ஒருத்தன் ஓட்டோட பள்ளத்துல இன்னொருத்தன் மேடு உக்காராது. புதுசு வாங்கி நடுநடுவுல சொருகினா அந்த இடமெல்லாம் ஒழுகும். பழைய வீடு பிரிக்கிற இடத்துல அதே முத்திரையைத் தேடுங்க. கிடைக்கலைன்னா கொல்லைப் பக்கத்துச் சரிவுலேருந்து நல்ல பழைய ஓட்டை எடுத்து முன்பக்கம் போட்டுட்டு, கொல்லைப் பக்கம் ஒரே சரிவு முழுக்கப் புதுசு போட்டுடுங்க. நூறு சதுர அடிக்கு சுமாரா நூத்தம்பது ஓடு பிடிக்கும், உடைசலுக்குப் பத்து சேத்துக்கங்க.

கொட்டகை சீட்டு பழசுன்னா அதுல கல்நார் இருக்கும். காய்ஞ்ச சீட்டை அறுக்கறது, துளை போடறது, உடைச்சுக் கூட்டறது எதுவும் வேணாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணி தெளிச்சு, மூக்கை நல்லாக் கட்டிக்கிட்டு, முழுசா இறக்கி ஓரமா வைங்க. துண்டைப் போட்டு மாட்டுக்குத் தரை போடறேன்னு யாராச்சும் கேப்பாங்க, குடுக்காதீங்க. ஓட்டையில்லாத சீட்டையும் அடியிலேருந்து பாருங்க. கல்லு மேல விழுந்தா மேல்பக்கம் ஒண்ணும் தெரியாது, அடிப்பக்கம் சிலந்திவலை மாதிரி கீறல் இருக்கும். புதுசு மாட்டும்போது சீட்டைச் சட்டத்தோட பிடிக்கிற ஜே போல்ட் சீட்டோட மேட்டுல வரணும், பள்ளத்துல போட்டா தண்ணி அந்த வழியாவே இறங்கும். இதைச் சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா பத்துல நாலு கொட்டகையில பள்ளத்துலதான் போட்டு வெச்சிருக்கானுங்க.

தகரத்துல குழி விழுந்தா விட்டுத் தள்ளுங்க. பெயிண்ட் பேந்திருந்தா தொட்டுவிடுங்க, போதும்.

வேன்காரனுக்கு ஒத்தைப் பைசா குடுக்காதீங்க. அட்ரஸ் கேளுங்க, போன வருஷம் இந்தப் பக்கம் எந்த வீட்டுல வேலை செஞ்சேன்னு கேளுங்க. வேன் கிளம்பிடும்.


கஜாவுல_கத்துக்கிட்டவன் எழுதியது:

ஓடுமாத்தி அண்ணன் சொன்னதுக்கு முன்னாடி ஒரு படி இருக்குங்க. எதையும் கூட்டி அள்ளறதுக்கு முன்னால போட்டோ.

எனக்குப் பட்டுக்கோட்டை. 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா கரையேறுனப்ப எங்க வீட்டு மாடி சீட்டு முழுக்கப் பக்கத்துத் தென்னந்தோப்புல கிடந்துது. தோப்புல தென்னையும் கிடந்துது, அது வேற கதை. நான் சுத்தமான ஆளு, ரெண்டே நாள்ல ஆள் விட்டு எல்லாத்தையும் அள்ளிப் போட்டு பளிச்சுன்னு வெச்சிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துது, பேங்க்ல வீட்டு லோன் வாங்கும்போது ஏதோ இன்ஷூரன்ஸுன்னு பிடிச்சாங்களேன்னு. சேதத்தை மதிப்பு போட இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து "சீட்டு எங்க சார்?"னாரு. காயலான் கடையிலன்னேன். கேட்ட தொகையில கால்வாசி கூட வரலை.

நீங்க 2009ல லோன் போட்டிருக்கீங்க. லோன் இன்னும் ஓடுதுன்னா பேங்க்ல போய் "வீட்டுக்கு பாலிசி இருக்கா, எந்தெந்தக் கட்டிடம், எந்தத் தேதி வரைக்கும்"னு கேளுங்க. நிறைய பேருக்குத் தன் பேர்ல பாலிசி இருக்கறதே தெரியாது. 2021 ஏப்ரல் 1லேருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனியும் 'பாரத் கிருக ரக்ஷா'ன்னு ஒரே மாதிரி வீட்டுப் பாலிசி குடுக்கணும்னு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெச்சிருக்கு. அதுல புயல், சூறைக்காத்து, வெள்ளம் எல்லாம் உள்ள வரும். வீட்டுச் சாமானுக்கும் கட்டிடத் தொகையில 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், தானாவே சேந்துக்கும். உங்களோடது பழைய பாலிசியா இதுவான்னு பாருங்க. பழைய ஓட்டு வீடும் கொட்டகையும் அதுல சேருதா, இல்லை லோன் போட்ட ரெண்டு ரூம் மட்டும்தானாங்கறதையும் எழுத்துல வாங்கிக்கங்க. போன்ல சொல்றதை நம்பாதீங்க. கல்லு மழைன்னு மட்டும் சொல்லாம, அன்னிக்கு அடிச்ச காத்தையும் சேத்து நடந்ததை நடந்தபடி சொல்லுங்க.

சேதம்னு தெரிஞ்சதும் கம்பெனிக்குச் சொல்லிடணும். போன் பண்ணி நம்பர் வாங்கிட்டு, அதையே மெயில்லயும் போட்டுடுங்க. பையன் ஃப்ரீசர்ல வெச்சிருக்கான்ல, அந்தப் புள்ளையைக் கொஞ்சணும். ஒரு கல்லை எடுத்து பத்து ரூபா காசு பக்கத்துல வெச்சு போட்டோ எடுங்க. அந்தக் காசு 27 மில்லிமீட்டர். கல்லு என்ன சைசுன்னு பேச்சே எழாது. உடைஞ்ச ஓட்டை எல்லாம் ஒரு மூலையில குவிச்சு வைங்க, சர்வேயர் பாத்துட்டுப் போற வரைக்கும் தூக்கிப் போட வேணாம். அதுக்காக ஒழுகட்டும்னு விட்டுடாதீங்க. மேல மேல சேதம் ஆகாம பாத்துக்கறதும் நம்ம பொறுப்புன்னு பாலிசியிலேயே இருக்கும். தார்ப்பாய், கயிறு வாங்குன பில்லைக் கூட வெச்சுக்கங்க.

கம்பெனி இழுத்தடிச்சா முதல்ல அவங்க குறைதீர் பிரிவு, அப்புறம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோட புகார் பிரிவு பீமா பரோசா, நம்பர் 155255. அதுக்கும் மேல சென்னையில இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்னு புகாரை விசாரிச்சுத் தீர்ப்பு சொல்றவர் இருக்கார், செலவு இல்லை, வக்கீல் வேணாம். நான் அங்க போகலை. போயிருக்கணும்.


மேகம்பாக்கிறவன் எழுதியது:

அத்தை சின்ன வயசுல பாத்ததுங்கறது சும்மா இல்லை. இடி மேகத்துக்குள்ள ஆலங்கட்டி உருவாகறது அதிசயமில்லை, தரைக்கு வந்து சேர்றதுதான் அதிசயம். நம்ம பக்கம் தண்ணி உறையற உயரமே கிட்டத்தட்ட அஞ்சு கிலோமீட்டர். அவ்வளவு தூரம் சூடான காத்துல இறங்கி வர்றதுக்குள்ள பெரும்பாலும் கரைஞ்சுடும். அந்தப் பெரிய பெரிய கோடை மழைத் துளி பாதி அதுதான். மேல் நோக்கி அடிக்கற காத்து பலமா இருந்து கல்லைப் பெருசா வளத்துட்டா மட்டும் மிச்சம் வந்து விழும்.

சோலார்ல குழாய் மட்டும் உடைஞ்சதுக்கும் காரணம் இருக்கு. கரண்ட் எடுக்கற சோலார் தகட்டை 25 மில்லிமீட்டர் பனி உருண்டையை நொடிக்கு 23 மீட்டர் வேகத்துல அடிச்சு சோதிப்பாங்க. வெந்நீர் குழாய் மெல்லிசு, உள்ள வெற்றிடம். குழாயைத் தனித்தனியா மாத்தலாம், முழு செட் வாங்குன்னு கடையில சொன்னா நகருங்க. மாத்தற வரைக்கும் தண்ணி வரத்தை அடைச்சு வைங்க.


பழைய_தலையாரி எழுதியது:

வருவாய்த்துறையில முப்பத்தொரு வருஷம் இருந்துட்டு வந்தவன். அம்மா, எதிர்வீட்டுக்காரங்க சொன்னது சரி. ஆலங்கட்டி மழை மத்திய அரசோட பேரிடர் பட்டியல்ல பேரோட இருக்கு, புயல், வெள்ளம் மாதிரியே. அதனால "கல்லு மழைக்கெல்லாம் கிடையாது"ன்னு யாராச்சும் சொன்னா, கிடைக்கும்னு தைரியமா சொல்லுங்க. ஆனா தொகையைப் பாத்து ஏமாந்துடாதீங்க. 2022லேருந்து 2026 வரைக்குமான விதியில சமவெளியில வீடு முழுசா போனா 1,20,000. பகுதி சேதம்னா பக்கா வீட்டுக்கு, அதாவது உறுதியாக் கட்டின வீட்டுக்கு 6,500, மண்சுவர் மாதிரி கச்சா வீட்டுக்கு 4,000. அதுவும் குறைஞ்சது 15 சதவீதம் சேதம் ஆகியிருந்தாதான். குடிசைக்கு 8,000. வீட்டோட சேந்த மாட்டுக்கொட்டகைக்கு 3,000. தார்ப்பாய் செலவுக்கு ஆகும்னு வெச்சுக்கங்க.

வி.ஏ.ஓ.கிட்ட வெள்ளைத்தாள்ல தேதி, நேரம், எந்தெந்தப் பகுதி சேதம்னு எழுதி, போட்டோ, வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக் நகல் வெச்சுக் குடுங்க. குடுத்ததுக்கு நகல்ல ஒரு கையெழுத்து வாங்கிக்கங்க, இதை மட்டும் மறக்காதீங்க. பட்டா பெரியவர் பேர்லயே இருந்தா வாரிசு விவரத்தையும் எழுதிடுங்க. ஆள் பாக்க வர்றதுக்குள்ள ரிப்பேர் ஆரம்பிச்சுட்டா பரவாயில்லை, போட்டோ இருந்தா போதும்.

நிலம் இருந்தா அதையும் பாருங்க. உங்க பக்கம் இப்ப பருத்தி, உளுந்து நிக்கிற நேரம். பருத்தி காய் பிடிக்கிறப்ப கல்லு விழுந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. பயிர் சேதம் 33 சதவீதமும் அதுக்கு மேலயும் இருந்தா தனி நிவாரணம், அதுக்கு வேளாண்மை அலுவலரும் கூட வருவாங்க. வீட்டு மனுவையும் பயிர் மனுவையும் ஒரே தாள்ல எழுதாதீங்க. ரெண்டும் ரெண்டு ஃபைல், ஒண்ணுல சேத்தா ஒண்ணு காணாமப் போயிடும்.


கும்மோணத்தான் எழுதியது:

நீங்க குடுத்து வெச்சவங்க. உங்களுக்குக் கல்லு பத்து நிமிஷம்தான். எங்க தெருவுல குரங்கு தினமும் ரெண்டு ஷிப்ட்.


வெண்ணாத்தங்கரை எழுதியது:

எல்லாருக்கும் கோடி நன்றி. வியாழக்கிழமை பன்னெண்டேகாலுக்கு கதவைச் சாத்திட்டு உக்காந்தோம். அண்ணே, தரையெல்லாம் காசு! பையன் சாக்பீஸை எடுத்துக்கிட்டு தவ்வித் தவ்வி வட்டம் போட்டான். கூடத்துல 41, தாழ்வாரத்துல 19. தெருவுல நின்னு முப்பதுன்னு எண்ணிக்கிட்டு இருந்தேனே. அத்தை நெல்லு கொட்டி வெக்கற பத்தாயத்து மேல சாஞ்சுக்கிட்டு "அய்யனார் கோயில் உண்டியல் கொட்டுன மாதிரி இருக்கு"ன்னாங்க.

வேன் மறுபடி வந்துது. போன வருஷம் எங்க வேலை செஞ்சீங்கன்னு கேட்டேன். திருவாரூர்னான். திருவாரூர்ல எந்தத் தெருன்னேன். போன் வந்த மாதிரி காதுல வெச்சுக்கிட்டுப் போயிட்டான்.

பேங்க்ல பாலிசி இருக்கு, ஆனா புது ரெண்டு ரூமுக்கு மட்டும்தானாம். சோலார் குழாய்க்கு எழுதிக் குடுத்திருக்கேன். வி.ஏ.ஓ. வந்து பாத்துட்டு, சாக்பீஸ் வட்டத்தை எல்லாம் போட்டோ எடுத்துட்டுப் போனார்.

இப்ப பாக்கி வீட்டுக்காரர்தான். தகரம் தகரம்னு நிக்கறார். அவருக்கு என்ன சொல்றது?


ஓடுமாத்தி எழுதியது:

அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு தங்கச்சி, நான் ஓட்டுக்காரன்ங்கறதுக்காக மறைக்கக் கூடாது. நல்ல கனமான தகரம் போட்டா கல்லுக்கு உடையாது, குழி விழுறதோட சரி. குரங்குத் தொல்லை இல்லை. ஆள் கிடைக்கலையேன்னு வருஷா வருஷம் அலைய வேணாம். என் பையனே இந்த வேலைக்கு வர மாட்டேன்னுட்டு திருப்பூர் போயிட்டான். பத்து வருஷம் கழிச்சு முகட்டுல ஏற யாரு இருப்பா?

ஆனா ரெண்டு விஷயத்தை அவர்கிட்ட கேளுங்க. ஷார்ஜாவுல ஏ.சி.யில இருக்கார். சித்திரை மத்தியானம் தகரத்துக்கு அடியில அத்தை படுக்கணும். அடியில தெர்மாகோலோ பலகையோ குடுத்து சீலிங் போடறதா இருந்தா அந்தச் செலவையும் சேத்துக் கணக்குப் போடச் சொல்லுங்க. ரெண்டாவது கனம். ஒரு சீமை ஓடு ரெண்டு ரெண்டரை கிலோ. அந்தக் கனத்துலதான் உங்க கூரை இத்தனை வருஷம் உக்காந்திருக்கு. அதை இறக்கிட்டு லேசான தகரத்தைப் பழைய மரத்துல ஆணி அடிச்சு விட்டா, கஜா மாதிரி ஒண்ணு வந்தா மொத்தமா பட்டம் விடும். கஜாவுல எங்க ஊர்ல ஓட்டு வீட்டுல ஓடு பறந்துது, தகர வீட்டுல வீடே பறந்துது. தகரம் போடறதுன்னா சட்டத்தைச் சுவத்தோட இரும்புப் பட்டை போட்டு முடுக்கணும், எறவாணத்துலயும் முகட்டுலயும் ஸ்க்ரூ நெருக்கமா வரணும். அந்த எஸ்டிமேட் வாங்கிப் பாத்துட்டு அவர் பேசட்டும்.

என் பேச்சு என்னன்னா, கொட்டகைக்குத் தகரம் போடுங்க, வீட்டுக்கு ஓடு. அறுபது ஓட்டைக்கு நூறு நூத்தம்பது ஓடுதான் போகும். அதுக்குப் போய் வீட்டைப் பிரிப்பாங்களா?


வெண்ணாத்தங்கரை எழுதியது:

பதினெட்டு நாள் ஆச்சு, வந்து சொல்லிட்டுப் போகணும்னு தோணுச்சு.

அத்தைக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர், வலங்கைமான்லேருந்து வந்தார். அறுபத்தெட்டு வயசு. அவர் ஏறலை, அவர் பேரனை ஏத்திவிட்டுட்டு கீழ நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டார். பேரன் மேல தட்டத் தட்ட, கீழேருந்தே காதை வெச்சுக் கேட்டுக்கிட்டு "எடு", "வெய்யி", "எடு"ன்னு சொல்றார். ஒரு தடவை "டங்"குன்னுதான் எனக்குக் கேட்டுது, அவர் எடுன்னார். எடுத்துத் திருப்பினா அடியில மயிர் மாதிரி ஒரு கோடு. மொத்தம் 137 ஓடு மாத்தினோம். அதே முத்திரை ஓடு குடவாசல் பக்கம் பிரிச்ச ஒரு வீட்டுல கிடைச்சுது. அடுப்படி நாட்டு ஓட்டை முழுசா இறக்கி ஏத்தினாங்க. உள்ளேருந்து எலிக்கூடு ரெண்டு, எங்க மாமனாரோட பம்பரம் ஒண்ணு. கொட்டகைக்குத் தகரம். மாடு ரெண்டு நாள் உள்ள வர மாட்டேன்னுது.

வெடிச்ச கண்ணாடி ஓட்டுக்குப் புதுசு போட்டாச்சு. கூடத்துல வெளிச்சம் முன்னவிட ஜாஸ்தி. பழசு அத்தனை அழுக்கா இருந்திருக்கு.

சாக்பீஸ் வட்டத்தை அழிக்க விட மாட்டேங்கறான் பையன்.

நேத்து ராத்திரி நல்ல மழை. நாங்க ரெண்டு பேரும் டார்ச்சை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு வட்டமா போய்ப் பாத்தோம். எல்லாம் காஞ்சு கிடந்துச்சு. பத்தாயத்துக்கு மேல மட்டும் சொட்டு சொட்டா விழுது. அய்யய்யோன்னு நான் பதறுனா, அத்தை அசையலை. அது அவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்த நாள்லேருந்து ஒழுகுதாம்.


ஓடுமாத்தி எழுதியது:

பத்தாயம் கூடமும் தாழ்வாரமும் சேர்ற மூலையிலயா இருக்கு? அப்ப அது கூடல்வாய், ரெண்டு கூரைச் சரிவு சேர்ற பள்ளம். ஓட்டுல ஒண்ணும் இருக்காது, அடியில போட்ட தகரம் போயிருக்கும். டார்ச் அடிச்சு அந்த மூலையை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, பாப்போம்.